கருவி விட்டுவிட்ட ஃபைல்

அவள் தென்காசிக்கே திரும்பி வருகிறாள், எங்கள் அலுவலகத்தில்தான் சேரப்போகிறாள் என்று முதலாளி சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். அவர் அடுத்த பேச்சை முடிக்கும் வரை.

"பம்ப் புரோகிராம் முழுசையும் அவங்க ஒரு தடவ பாக்கட்டும்மா. வெளிய பெரிய இடத்துல இருந்தவங்க. நம்ம கண்ணுல படாதது அவங்க கண்ணுல படும்லா."

அந்தப் பம்ப் புரோகிராமைப் பன்னிரண்டு வருஷமாக எழுதிவந்தவள் நான்.

நானும் அவளும் கல்லூரியில் நாலு வருஷம் ஒரே பெஞ்ச். நான் ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். அவள் வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்குப் பின்னால் இருந்தது. பரீட்சை சமயத்தில் நான் அங்கேயே தங்கிப் படிப்பேன். அவளுக்குப் புரியாத கணக்கை நான் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத அவள் சொல்லிக்கொடுப்பாள். கடைசி வருஷம் இரண்டு பேருக்கும் பெங்களூரில் ஒரே கம்பெனியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. அவளோடு அவள் குடும்பமே வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனது. என் அண்ணன்மார் இரண்டு பேரும் அப்போது போலீஸ் பயிற்சியில் இருந்தார்கள். வீட்டில் ஆள் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அந்தக் கடிதத்தை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கல்யாணமாகித் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைக்கு வந்தபோது கடிதமும் சேலைகளோடு வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிவீட்டில் இந்தக் கம்பெனி தொடங்கியபோது முதலில் சேர்ந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. விவசாயப் பம்புசெட்டுக்கான ஒரு பெட்டி செய்கிறோம். தோட்டக்காரர் வீட்டிலிருந்தே போனில் கட்டளை கொடுத்தால், பெட்டி முதலில் வால்வைத் திறக்கும். வால்வு முழுக்கத் திறக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு மோட்டாரை ஓட்டும். நாலு வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிமாற்றித் தண்ணீர் பாய்ச்சும். இந்த வேலையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும், சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. அதில் எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால் நான் ஃபைலைத் திறக்காமலே சொல்வேன். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் "அக்காட்ட கேளுங்க" என்பதுதான் அலுவலகத்தில் வழக்கம்.

அவள் வந்த முதல் நாள், தலைமுடியைத் தோள் வரை வெட்டி, நரையை மறைக்காமல் விட்டிருந்தாள். அதுவும் அவளுக்கு நன்றாக இருந்தது. நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டை அடிக்கிறவள். எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "ஏட்டி, என்ன இப்பிடி மெலிஞ்சுட்ட?" என்றாள். பதினேழு வருஷம் பெங்களூரில் இருந்தவள் வாயிலிருந்து எங்கள் ஊர் 'ஏட்டி' வந்ததில் எல்லோரும் சிரித்து மகிழ்ந்துபோனார்கள். நான் தினமும் அப்படித்தான் பேசுகிறேன். அதற்காக யாரும் மகிழ்ந்ததில்லை.

இரண்டு வாரத்தில் டீக்கடைக்காரருக்கு அவளுக்குச் சீனி கிடையாது என்பது மனப்பாடம் ஆகிவிட்டது. என்னிடம் பன்னிரண்டு வருஷமாக, "சீனி போடவா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவ்வளவு அற்பமான விஷயத்துக்கெல்லாம் வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். பெரிய விஷயங்களுக்கு நாம் தயாராக இருப்போம். இப்படிச் சின்னச் சின்னதாக வரும்போதுதான் கையில் ஒன்றும் இருக்காது.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. நாங்கள் பயன்படுத்திய சிப் இனி கிடைக்காது என்று ஆகிவிட்டது. புது சிப்பில் நேரத்தின் அளவு வேறு. எங்கள் புரோகிராமில் 'இவ்வளவு நேரம் பொறு' என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் உண்டு. பழைய கணக்கில் அதற்குள் 80 என்று எழுதினால் எட்டு விநாடி பொறுக்கும். புதுக் கணக்கில் அதே 80 கண் இமைக்கிற நேரம்தான். எட்டு விநாடி வேண்டுமென்றால் நூறால் பெருக்கி 8000 என்று எழுத வேண்டும். முந்நூறுக்கும் மேற்பட்ட ஃபைல்களில் அந்தப் 'பொறு' சிதறிக் கிடந்தது. எண்ணை மாற்றாமல் விட்டாலும், புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. 80-உம் எண்தான், 8000-உம் எண்தான். ஆகவே ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்ற இரண்டு மாதம் ஆகும் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை கூட்டத்தில் அவள் சொன்னாள்: "கையால மாத்தினா எங்கயாச்சும் கண்ணசந்துருவோம். இதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. எனக்கு நாலு நாள் போதும்."

அந்தக் கருவி எழுத்துகளைத் தேடி மாற்றுகிற சாதாரண வகை இல்லை என்று விளக்கினாள். சி புரோகிராமைக் கம்பைலர் படிப்பதுபோலவே படிக்கும். எது ஃபங்ஷன், எது அதற்குள் போகும் கணக்கு என்று அதற்குத் தெரியும். 'பொறு' எங்கே வந்தாலும், உள்ளே இருப்பதை நூறால் பெருக்கு என்று ஒரே ஒரு விதி எழுதிக் கொடுத்தால், எல்லா ஃபைல்களிலும் அதுவே மாற்றிவிடும். மூன்று வரி விதியைப் பலகையில் எழுதிக் காட்டினாள். என் இரண்டு மாதம் அந்த மூன்று வரிக்குள் அடங்கியது. முதலாளி பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

நாலு நாள் கேட்டாள், மூன்றே நாளில் முடித்தாள். எது எது எப்படி மாறியிருக்கிறது என்கிற பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினாள். பழைய வரிகள் கழித்தல் குறியோடும் புது வரிகள் கூட்டல் குறியோடும் பக்கம் பக்கமாக ஓடின. நான் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க, குக்கர் ஒருபக்கம் சத்தம் போட, சமையல் மேடையில் வைத்துப் படித்தேன். சரிபார்ப்பதற்காகப் படித்தேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தப்பைத் தேடித்தான் படித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பொறி இருந்தது. சில இடங்களில் 'பொறு' என்பதற்குள் ஒரே எண் இருக்காது, இரண்டு எண்களின் கூட்டல் இருக்கும். ஐந்தும் இரண்டும் கூட்டிப் பொறு என்று இருப்பதை முட்டாள்தனமாக நூறால் பெருக்கினால், இரண்டு மட்டும் பெருகும், ஐந்து அப்படியே நிற்கும். பல வருஷம் முன்னால் நான் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இதே தப்பைச் செய்து என் மானத்தை வாங்கியிருக்கிறது. அவளும் இதில் விழுந்திருப்பாள் என்று ஆசையோடு பக்கங்களைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் கூட்டலைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு, அதன் பிறகே பெருக்கியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. சோறு குழைந்துபோனது.

திங்கட்கிழமை காலை அலுவலகம் போய் வேறு வழியில் பார்த்தேன். என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் மாறவில்லை என்று பார்த்தேன். ஃபைல் பெயர்களின் முழுப் பட்டியலையும் மாறியவற்றின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பல வால்வுகளை மாற்றிமாற்றித் திறக்கும் ஃபைல் மாறியவற்றில் இல்லை. அதில் ஏழு இடத்தில் 'பொறு' உண்டு. எனக்கு நிச்சயமாகத் தெரியும், எழுதியது நான்.

கருவியை நானே ஒருமுறை அந்த ஃபைலின் மேல் ஓட்டினேன். எந்தத் தப்பும் சொல்லாமல் அமைதியாக முடிந்தது. அதன் கையேட்டைப் புரட்டி, படிக்கும்போது நடப்பதையெல்லாம் விவரமாகச் சொல் என்கிற ஒரு கட்டளையைக் கண்டுபிடித்து, அதோடு மறுபடி ஓட்டினேன். இந்த முறை வாயைத் திறந்தது. இந்த ஃபங்ஷனைப் படிக்க முடியவில்லை, ஆகவே தொடாமல் விட்டுவிட்டேன் என்று, ஓட்டத்தைப் பதிந்துவைக்கும் லாகில் ஒரு வரி.

படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் என்னுடைய ஒரு மேக்ரோ. நாலு வால்வையும் சுற்றி வருகிற லூப்பை நான் பல வருஷம் முன்னால் ஒரே வார்த்தையாகச் சுருக்கி வைத்திருந்தேன். லூப்பைத் திறக்கும் அடைப்புக்குறி அந்த வார்த்தைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூடும் அடைப்புக்குறி மட்டும் வெளியே தெரியும். கம்பைலர் அந்த வார்த்தையை விரித்துவிட்டுப் படிப்பதால் அதற்குக் குழப்பமில்லை. கருவி விரிக்காமல், எழுதியிருக்கிறபடியே படிக்கும். திறக்காத அடைப்புக்குறி ஒன்று மூடுவதைப் பார்த்ததும் அந்த ஃபங்ஷனையே கைவிட்டுவிடும். அந்த மேக்ரோவை எழுதிய நாளில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, இவளைப்போல் யோசிக்க வேண்டும் என்று சொன்னார். அந்தப் பாராட்டு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்போதே எழுந்து பத்தடி நடந்து அவள் அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மதியத்துக்கு மேல் சொல்லலாம் என்று நினைத்தேன். மதியத்துக்கு மேல், அவளே கண்டுபிடிக்கட்டும் என்று தோன்றியது. சாயங்காலம் பார்க்கும்போது அது ஒரு நியாயமாகவே மாறியிருந்தது. மூன்று நாளில் முடிக்கிறவள், விட்டுப்போனதைப் பார்க்க இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

மறுநாள் காலை அவள் என் மேஜைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"லிஸ்ட்ட பாத்தியாட்டி? இந்த புரோகிராம் உனக்குத்தான் தெரியும். எதும் விட்டுப் போயிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இந்த இரண்டு பதிலைத்தான் நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சும்மா இருந்தது ஒரு தப்பு. கேட்ட பிறகு பொய் சொன்னது அதைவிட மோசம்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள கிணற்றில் வைத்துச் சோதித்தார்கள். அங்கே ஒரே ஒரு வால்வுதான். ஒற்றை வால்வுக்கான ஃபங்ஷன் வேறு ஃபைலில் இருந்தது, அது ஒழுங்காக மாறியிருந்தது. வால்வு திறந்தது, எட்டு விநாடி கழிந்தது, மோட்டார் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சனிக்கிழமை சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு தோட்டத்தில் புதுப் பெட்டியை வைக்க நாங்கள் இரண்டு பேரும் போனோம். கூட எங்கள் எலக்ட்ரீசியன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சூரியகாந்தி பூத்திருந்ததால் ரோட்டோரம் வரிசையாகக் கார்கள் நின்றன. வெளியூர்க்காரர்கள் வயலுக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் காரை நிறுத்தச் சொல்லி என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம் அவள் போனில் இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. என் முகம் அதில் எப்படி இருந்தது என்று எனக்குப் பார்க்கத் தோன்றியதேயில்லை.

தோட்டக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தோட்டத்தில் நாலு வால்வு. அதாவது, ஓடப்போவது என்னுடைய அந்த ஃபைல். எலக்ட்ரீசியன் பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பிறகு பம்பு ரூமுக்கு வெளியே போய், பிரதான குழாய் முடிகிற இடத்தில் ஒரு காலைக் குழாய்மேல் வைத்துக்கொண்டு நின்றார். குழாயின் முனை ஒரு மூடியால் அடைக்கப்பட்டிருந்தது. அவள் அவருக்குச் சற்றுத் தள்ளி நின்று போனை எடுத்தாள். கட்டளை போனதும் என்ன நடக்கும் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வால்வு திறக்க எட்டு விநாடி ஆகும், மோட்டார் எட்டு விநாடி பொறுக்காது. மூடிக் கிடக்கிற குழாய்க்குள் தண்ணீர் முழு வேகத்தில் வந்து முட்டும்.

நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படிச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். ஆகவே வேறொன்று வாயில் வந்தது.

"அண்ணே, அங்கன நிக்காதிய. இங்கன வாங்க."

அவர் காரணம் கேட்கவில்லை. காலை எடுத்துவிட்டு என் பக்கம் நாலைந்து அடி வந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். வால்வுக்கான டிக் சத்தமும் மோட்டாருக்கான டக் சத்தமும் ஒட்டிக்கொண்டு கேட்டன. குழாய் ஒரு முறை உதறியது. பிறகு முனையில் இருந்த மூடி பிய்த்துக்கொண்டு போய்ப் பம்பு ரூம் சுவரில் அடித்தது. அவர் கால் வைத்திருந்த இடத்திலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. முதல் வரிசைச் செடிகள் சேற்றோடு சாய்ந்தன. தோட்டக்காரர் அவசரமே இல்லாமல் நடந்து போய் மெயினை அணைத்தார். அவள் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாள். குழாயைப் பார்த்தாள். எலக்ட்ரீசியனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் ஈர உடையோடே காரில் ஏறினாள், அலுவலகத்துக்குத் திரும்பினோம்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், கருவி எதையெல்லாம் விட்டிருக்கிறது என்று தான் பார்க்கவில்லை, முழுக்கத் தன் தப்புதான் என்று. முதலாளி, இப்படி முகத்துக்கு நேராகத் தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள்தான் தனக்கு வேண்டும் என்றார். அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? குழாய் வெடித்து, அதிலும் அவள் பாராட்டு வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் ஈர உடையை மாற்றிக்கொண்டு வந்து சாயங்காலம் ஆறு மணி வரை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விவரமாகச் சொல் என்கிற அதே கட்டளையைக் கண்டுபிடித்திருக்கிறாள். லாகை எங்கே சேமிக்கிறது என்று தேடிப் போனபோது, பொதுவான ஃபோல்டரில் ஏற்கனவே ஒரு லாக் இருந்தது. அதில் என் பெயரும் திங்கட்கிழமைத் தேதியும் இருந்தன. அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. சீசன் என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் குற்றாலம் போவதாக முன்பே முடிவாகியிருந்தது. மெயின் அருவியில் கூட்டம் நெரிந்ததால் பழைய குற்றாலத்துக்குப் போனோம். பெண்கள் பக்கம் வரிசையில் நான் நின்றேன். ஐந்தாறு பேரைத் தாண்டி வந்து எனக்குப் பின்னால் அவள் நின்றாள். அருவிச் சத்தத்தில் எதையும் மெல்லப் பேச முடியாது. அவள் சொன்னதைச் சத்தமாகத்தான் சொன்னாள். முன்னால் நின்ற ஒரு அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழமையே உனக்குத் தெரியும். செவ்வாக்கெழம நான் கேட்டேன். நல்லாத்தான் இருக்குன்ன."

நான் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலக்ட்ரீசியன் அண்ணனக் கூப்ட்ட. என்னயக் கூப்பிடல. நா நனைஞ்சா பரவாயில்லன்னு நெனச்சியோ?"

"உன் மேல பொறாமையா இருந்துச்சு" என்றேன். அவ்வளவு சத்தமாக அந்த வார்த்தையை நான் அதற்கு முன் சொன்னதில்லை. "எல்லாத்துக்கும். நீ போன, நா போகல. நீ திரும்பி வந்த, இங்கயும் உன் பேருதான்."

வரிசை நகர்ந்தது. பிறகு அவள் சொன்னாள்: "நா ஆசப்பட்டு வரல. அங்க என்னய வேண்டாம்னுட்டாங்க. ஒரு நாள் காலைல கூப்ட்டுச் சொன்னாங்க, மத்தியானம் என் கார்டு ஆபீஸ் கதவத் தொறக்கல. எட்டு மாசம் தேடினேன். இந்த வேலை போச்சுன்னா எனக்கு அடுத்தது இல்ல. அத வச்சு நீ வெளையாடிருக்க."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது இரக்கமோ குற்ற உணர்ச்சியோ இல்லை. ஒரு நொடி, சரியாக ஒரு நொடி, உள்ளே ஏதோ குளிர்ந்தது. அவளுக்கும் கதவு திறக்காத ஒரு மதியம் இருந்திருக்கிறது. அந்த நொடி போன பிறகுதான் வெட்கம் வந்தது. வந்த வெட்கம் போகவில்லை. எங்கள் முறை வந்து அருவிக்குக் கீழே போய் நின்றபோது, தண்ணீர் தலையில் அடிக்க அடிக்க அழுதேன். அவள் நாலு பேர் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாளா என்று தெரியாது.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேக்ரோவையும், லாகையும், செவ்வாய்க்கிழமைப் பொய்யையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நீ கூப்ட்டதும் அவரு வராம, என்னம்மான்னு கேட்டுக்கிட்டு அங்கனயே நின்னுருந்தா?"

எலக்ட்ரீசியனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர், சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "கூப்ட்டது சரிதான்மா. ஆனா தெரிஞ்சதுக்குப் பொறவு மோட்டாரப் போட விட்டுருக்கப்படாது" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. டெஸ்டிங்குக்குப் போகும்போது மட்டும், மாறாமல் விட்ட இடம் ஏதும் உண்டா என்று இப்போதெல்லாம் என்னிடம் நேராகக் கேட்டுவிடுவார்.

அந்த வாரம் அவளும் நானும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவள் என்னை நீங்கள் என்று கூப்பிட்டாள். "நீங்க அந்த ஃபைலத் தெறங்க, நான் லாகப் பாக்கேன்." ஏட்டி என்பது எல்லோர் முன்னாலும் வந்தபோது எரிந்தது. அது போன பிறகு அதைவிட எரிந்தது.

கருவி படிக்க முடியாமல் விட்ட ஃபங்ஷன்களை எல்லாம் பட்டியல் எடுத்தோம். பதினொன்று இருந்தது. ஒன்பது நான் எழுதியவை. மற்ற இரண்டும் என்னைப் பார்த்து மற்றவர்கள் எழுதியவை. இரண்டு வழி இருப்பதாக அவள் சொன்னாள். அந்த மேக்ரோவுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிக் கருவிக்குக் கொடுத்துவிட்டால், அதை லூப் என்று புரிந்துகொண்டு படித்துவிடும். இல்லையென்றால் மேக்ரோவையே பிரித்து, சாதாரண லூப்பாக எழுதிவிட வேண்டும். எது என்று என்னிடமே விட்டாள். நான் பிரித்தேன். பதினொன்றையும் என் கையால் பிரித்தேன். ஒவ்வொன்றும் இரண்டு வரி நீண்டது. படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மறுபடி கருவியை ஓட்டினோம். இந்த முறை அந்த ஃபைல் பட்டியலில் வந்தது. ஏழு 'பொறு'-வும் மாறியிருந்தன. ஆனால் அவள் திருப்தியாகவில்லை. இன்னும் ஏதாவது மூலையில் பழைய கணக்கு ஒளிந்திருந்தால் எப்படித் தெரியும், கம்பைலர்தான் ஒன்றும் சொல்லாதே என்று பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. புதுக் கணக்கில் பொறுக்கிற ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு பெயர் வைத்துவிட்டு, பழைய பெயரையே இல்லாமல் செய்துவிட்டால்? கருவி பெருக்கும்போது பெயரையும் சேர்த்து மாற்றட்டும். அது தொடாமல் விட்ட இடத்தில் பழைய பெயர் நிற்கும். அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது என்று கம்பைலர் அந்த வரியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பேனாவை நிறுத்தினாள். "இது எனக்குத் தோணலயே" என்றாள்.

எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. நாற்பது வயதை நெருங்குகிறவள், அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். விதியில் பெயரையும் சேர்த்துக் கருவியை முதலிலிருந்து ஓட்டி, பழைய பெயரை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தபோது இன்னும் இரண்டு இடம் அகப்பட்டது. இரண்டும் பெட்டியை அசெம்பிள் செய்கிறவர்கள் மட்டும் எப்போதாவது ஓட்டுகிற சோதனை ஃபைல்களில். அவை வேறு ஃபோல்டரில் இருந்ததால் கருவி அவற்றைப் பார்க்கவே இல்லை. அவற்றையும் சரிசெய்தோம்.

பத்து நாள் கழித்து மறுபடி சுந்தரபாண்டியபுரம் போனோம். தோட்டக்காரர் குழாய் முனைக்குப் புது மூடி போட்டிருந்தார். வால்வு டிக் என்றது. எட்டு விநாடி என்பது நின்று கேட்டால் மிக நீளமான நேரம். மோட்டார் ஓடியது, முதல் பாத்தியில் தண்ணீர் ஓடி வந்தது. தோட்டக்காரர் எங்கள் மூன்று பேருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறாள். எனக்குக் கருவியை ஓட்டவும் விதி எழுதவும் தெரியும். அவள் மூன்று வரியில் எழுதுவதை நான் ஐந்து வரியில் எழுதுகிறேன். சில நாள் என்னோடு நன்றாகப் பேசுவாள். சில நாள் வேலையை மட்டும் பேசுவாள். அது எந்த நாள் எப்படி வரும் என்று நான் கேட்பதில்லை, கேட்கிற உரிமை என்னிடம் இல்லை.

போன மாதம் நாங்கள் படித்த கல்லூரியிலிருந்து, இந்தக் கருவியைப் பற்றி மாணவிகளுக்குப் பேச அவளைக் கூப்பிட்டார்கள். அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் என்னையும் வரச் சொன்னாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பேசப் பேச, முன்வரிசைப் பெண்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. அதைப் பார்த்து என் வயிற்றில் பழைய எரிச்சல் அதே இடத்தில் கிளம்பியது. ஒரு வருஷமாகியும் அது கொஞ்சம்கூட இடம் மாறவில்லை.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, இந்தக் கருவி தப்பு செய்யுமா என்று கேட்டாள். மேடையிலிருந்த அவள் என்னைக் கைகாட்டினாள். நான் முன்னால் போய்ப் பலகையில் அந்த மேக்ரோவை எழுதினேன். அடைப்புக்குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டினேன். கருவி ஏன் பேசாமல் விட்டுவிட்டுப் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, பெயரை மாற்றிக் கம்பைலரை எப்படிக் காவலுக்கு வைப்பது என்று எல்லாம் சொன்னேன். அந்த மேக்ரோவை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள்.

திங்கள் முதல் சனி வரை நான் அதைத் தெரிந்தே வைத்திருந்ததைச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் சொல்லவில்லை.